ஒன்டிரைவ் லேப்டாப்பைச் சூடாக்கினால் எங்கே தேட வேண்டும்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். விண்டோஸ் 11, பதினோராம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப். ஃபைல்களை இணையத்திலும் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் நாள் முழுக்க சிபியுவில் 13 முதல் 15 சதவீதம் வரை பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஃபேன் ஓய்வதில்லை, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. டாஸ்க்பாரில் உள்ள மேக ஐகானைத் தொட்டால் 'பிராசஸிங் சேஞ்சஸ்' என்பதிலேயே நிற்கிறது. இரண்டு முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டுப் பார்த்தும் பலனில்லை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் முழுவதும் ஒன்டிரைவுக்குள் இருக்கிறது; அதற்குள் வெப்சைட் வேலைகள், அலுவலகத்தின் டாலி கணக்கு, பழைய அவுட்லுக் மெயில், ஃபோட்டோக்கள் எல்லாம் உண்டு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து மூன்றாவது முறை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை மறுபடி போடும்போதும் ஒன்டிரைவ் தன் உள்கணக்கை முதலிலிருந்து எழுதுகிறது. ஏற்கெனவே இருக்கும் எல்லா ஃபைல்களையும் மேகத்தில் (இணையச் சேமிப்பில்) இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த வேலைக்கே மணிக்கணக்கில் சிபியு போகும். அதாவது நீங்கள் சரிசெய்யச் செய்த காரியமே சூட்டை நீட்டித்திருக்கலாம். கணினியிலும் மேகத்திலும் ஃபைல்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க் மென்பொருள் காரணமில்லாமல் தானாகச் சுற்றுவது அபூர்வம். அதன் ஃபோல்டருக்குள் ஏதோ ஒன்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். மென்பொருள் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஃபைல் எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

அந்த 13 சதவீதத்தைப் பற்றி முதலில் பேசுவோம். பார்க்கச் சின்ன எண்ணாகத் தெரிகிறது, அதனால் பலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். லேப்டாப்களில் பரவலாக வந்த பதினோராம் தலைமுறை ஐ5-களில் 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தடங்கள்) இருக்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் எட்டையும் சேர்த்து நூறு என்று கணக்கிடுகிறது. ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் அது நூறை எட்டால் வகுத்த 12.5 சதவீதம். பிராசஸர் டர்போ வேகத்துக்குப் போயிருந்தால் இந்த எண் கொஞ்சம் கூடுதலாகவும் தெரியலாம். ஆக, ஒன்டிரைவ் 13-லேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், ஒரு த்ரெட் மூச்சு விடாமல் ஓடுகிறது என்று அர்த்தம். ஏறி இறங்கும் எண் என்றால் அது ஏதோ வேலை செய்து முடிக்கிறது. ஒரே இடத்தில் நிற்கும் எண் என்றால் முடியாத வேலை ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரு பத்து நிமிடம் பார்த்தாலே புரிந்துவிடும்.

(மேக்கில் இதே கணக்கு வேறு. ஆக்டிவிட்டி மானிட்டரில் ஒரு கோர் முழுதாக ஓடினால் 100 சதவீதம் என்று காட்டும்; 250, 300 என்றுகூட வரும். லினக்ஸின் டாப் கட்டளையும் வழக்கமாக அப்படித்தான். எனவே மேக் வைத்திருக்கும் நண்பர் '100 சதவீதம்' என்று பதறுவதும் நீங்கள் '13 சதவீதம்' என்பதும் ஏறத்தாழ ஒரே நிலைமைதான்.)

அடுத்து, உண்மையிலேயே ஒன்டிரைவ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேக ஐகானைத் தொட்டு, பல்சக்கரத்தைத் திறந்தால் 'பாஸ் சிங்கிங்' என்று ஒரு வசதி இருக்கும். 2, 8, 24 மணி நேரம் என மூன்று அளவுகள் தரும். 2 மணி நேரத்துக்கு நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் சிபியு இறங்கி ஃபேன் அடங்கினால் நாம் சரியான இடத்தில் தேடுகிறோம். நிறுத்திய பிறகும் சூடு அப்படியே இருந்தால் டாஸ்க் மேனேஜரில் சிபியு என்ற தலைப்பைத் தொட்டு வரிசைப்படுத்தி, மேலே எது இருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயர் இருக்கும். அது விண்டோஸ் டிஃபெண்டர். சில நேரம் 'சர்ச் இண்டெக்சர்' இருக்கும். இவை மூன்றும் ஒன்றையொன்று கிளப்பிவிடும். ஒன்டிரைவ் ஒரு ஃபைலைக் கீழே இறக்கி எழுதினால் டிஃபெண்டர் அதைச் சோதிக்கும், இண்டெக்சர் அதைப் படித்துத் தன் பட்டியலில் சேர்க்கும். பத்தாயிரம் ஃபைல் என்றால் இது பத்தாயிரம் தடவை நடக்கும். அதனால் மேலே நிற்பது டிஃபெண்டர் என்றாலும், அதற்கு வேலை கொடுப்பவர் யார் என்றுதான் பார்க்க வேண்டும்.

டிஃபெண்டரிடம் ஒன்டிரைவ் ஃபோல்டரை விட்டுவிடச் சொல்லி விலக்கு கொடுங்கள் என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு கணினிகளிலிருந்தும், பகிர்ந்துகொண்ட மற்றவர்களிடமிருந்தும் ஃபைல்கள் வந்து இறங்கும் இடம் அது. சோதனை அதிகம் தேவைப்படும் இடத்தில் சோதனையை எடுத்துவிட்டு வேகம் சம்பாதிப்பது நல்ல வியாபாரமில்லை. காரணமான ஃபைலை வெளியே எடுத்துவிட்டால் டிஃபெண்டர் தானே அடங்கிவிடும். இண்டெக்சரை மட்டும் வேண்டுமானால் சில ஃபோல்டர்களிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். தேடும்போது அந்த ஃபைல்களின் உள்ளடக்கம் சிக்காது என்பது தவிர வேறு நஷ்டமில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் தேடுவது சுலபமாகும். எந்த சிங்க் மென்பொருளும் அடிப்படையில் மூன்று வேலை செய்கிறது. ஃபோல்டரில் எது மாறினாலும் தனக்குச் சொல்லும்படி இயங்குதளத்திடம் கேட்டு வைத்திருக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதற்குத் தனித்தனி வசதிகள் உண்டு; லினக்ஸில் இருப்பதன் பெயர் ஐநோட்டிஃபை. மாற்றம் என்று செய்தி வந்ததும் அந்த ஃபைலைப் படித்து அதன் ஹேஷைக் கணக்கிடும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து ஒரு கைரேகை எடுக்கும். அந்தக் கைரேகையைத் தன்னிடம் உள்ள பழைய பதிவோடும் மேகத்தில் உள்ளதோடும் ஒப்பிட்டு, எது புதிது என்று முடிவு செய்யும். டிராப்பாக்ஸ் ஒரு ஃபைலை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹேஷ் எடுக்கிறது. ஒன்டிரைவ் 2020-லிருந்து எல்லா வகை ஃபைல்களுக்கும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் முறைக்கு வந்துவிட்டது. நெட் மிச்சமாகிறது, நல்ல விஷயம். ஆனால் எந்தப் பகுதி மாறியது என்று தெரிய ஃபைலைப் படித்துத்தானே ஆக வேண்டும்? 6 ஜிபி ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் படிக்கும் வேலை பெரிதுதான். சிபியு போவது இங்கே. அப்லோட் வேகத்தைக் குறைத்து வைத்தால் சூடு குறையும் என்று நினைத்து அந்த அமைப்பை மாற்றிப் பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. மாற்றச் செய்திகளை வைத்திருக்க இயங்குதளம் ஒரு குறிப்பிட்ட அளவு இடமே ஒதுக்கும். ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் மாறினால் அந்த இடம் நிரம்பி, சில செய்திகள் தொலைந்துபோகும். எது தொலைந்தது என்று தெரியாத நிலையில் சிங்க் மென்பொருளுக்கு ஒரே வழிதான்: ஃபோல்டர் முழுவதையும் முதலிலிருந்து பார்ப்பது. வாசலில் வந்து போன சரக்கைக் குறிக்கத் தவறிய கடைக்காரர், ராத்திரி உட்கார்ந்து குடோன் முழுவதையும் எண்ணுவதைப் போன்றது. அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சரக்கு வந்து இறங்கினால்? 'பிராசஸிங் சேஞ்சஸ்' முடியாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்போது தேடுவோம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'ரிசோர்ஸ் மானிட்டர்' திறக்கும் வழி இருக்கும். அதில் டிஸ்க் என்ற பக்கத்தைத் திறந்து, மேல் பட்டியலில் ஒன்டிரைவுக்கு எதிரே டிக் போடுங்கள். கீழே 'டிஸ்க் ஆக்டிவிட்டி' என்ற பகுதியில் அது அந்த நேரத்தில் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று பெயரோடு ஓடும். பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் ஆள். ஒரே ஃபோல்டருக்குள் வெவ்வேறு பெயர்கள் வரிசையாக வந்தால் அந்த ஃபோல்டர்தான் ஆள். ஒன்டிரைவின் சொந்த டேட்டாபேஸும் பதிவு ஃபைல்களும் எப்போதும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஆப்டேட்டா என்ற பாதையில் இருப்பவற்றைத் தள்ளிவிட்டு, உங்கள் ஃபைல்களை மட்டும் கவனியுங்கள்.

அதில் பிடிபடவில்லை என்றால் 'பிராசஸ் மானிட்டர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது, மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். அதில் பிராசஸ் பெயர் ஒன்டிரைவ் என்று ஃபில்டர் போட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிறகு டூல்ஸ் மெனுவில் 'ஃபைல் சம்மரி' என்பதைத் திறந்தால் எந்த ஃபைல் எத்தனை தடவை தொடப்பட்டது என்று கூட்டிக் காட்டிவிடும். முதலில் பார்ப்பவருக்கு மிரட்டலாக இருக்கும் கருவிதான், ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. ஃபில்டரில் ஒன்டிரைவை எடுத்துவிட்டு அந்த ஃபைலின் பெயரை மட்டும் போட்டால், அதை மாற்றிக்கொண்டே இருக்கும் இன்னொரு மென்பொருள் யார் என்பதும் தெரிந்துவிடும். நான் பார்த்த லேப்டாப்களில் விஷயம் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பதாகச் சொன்னவற்றை வைத்து என் சந்தேகத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் சந்தேகம் வெப்சைட் வேலைகள் மேல். வெப்சைட் எழுத உதவும் நோட்ஜேஎஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் 'நோட் மாட்யூல்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் சாதாரணமாகவே பல்லாயிரம் சின்னச் சின்ன ஃபைல்கள். ஒரு புதிய பேக்கேஜ் போட்டால் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் எழுதப்படும், அழிக்கப்படும். டெவலப்மென்ட் சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் பில்ட் ஃபோல்டர் புதிதாக எழுதப்படும். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் பயன்படுத்தினால் அதன் மறைவு ஃபோல்டரும் சேரும். மேலே சொன்ன செய்தி தொலையும் கதை அப்படியே நடக்கும் இடம் இது. மொத்த எண்ணிக்கையும் முக்கியம்: ஒன்டிரைவில் மூன்று லட்சம் ஃபைல்களுக்கு மேல் சிங்க் செய்ய வேண்டாம் என்பது மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் அளவு. ஜிபி குறைவாக இருக்கிறதே என்று இருந்துவிடுவோம். எண்ணிக்கை ஓசையில்லாமல் ஏறியிருக்கும். ஒன்டிரைவ் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் ஃபைல் எண்ணிக்கை வரும். உங்களுடையது என்ன என்று இன்றே பாருங்கள்.

நோட் மாட்யூல்ஸை மட்டும் தவிர்க்கச் சொல்லும் எளிய அமைப்பு ஒன்டிரைவில் சாதாரணப் பயனருக்கு இல்லை. அலுவலக நிர்வாகிகளுக்குச் சில ஃபைல் வகைகளைத் தவிர்க்கும் விதி உண்டு, அதுவும் இந்தத் தேவைக்குப் பொருந்தி வராது. எனவே புராஜெக்ட்களை சி டிரைவில் ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள், கோட் பாதுகாப்புக்கு கிட்ஹப் அல்லது கிட்லேப் வைத்துக்கொள்ளுங்கள். கோட் ஃபைல்களை இரண்டு விதமாகப் பாதுகாப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கிட் தன் உள் ஃபைல்களை எழுதிக்கொண்டிருக்கும் பாதியில் சிங்க் புகுந்தால், அதுவும் இரண்டு கணினியிலிருந்து புகுந்தால், ரெப்போவே (கிட் வைத்திருக்கும் கோட் களஞ்சியமே) கெட்டுப்போகலாம். இடம் மாற்றும்போது நோட் மாட்யூல்ஸைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதை அழித்துவிட்டு, புதிய இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்வது வேகம். பைதான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் இருந்தாலும் அப்படியே, அதற்குள் பழைய பாதை பதிந்திருப்பதால் தூக்கி வைத்தால் ஒழுங்காக ஓடாது.

இரண்டாவது சந்தேகம் டாலி. கணக்கு எழுதும் மென்பொருள்கள் தங்கள் டேட்டாவை எப்போதும் திறந்து வைத்திருக்கும், ஒவ்வொரு வவுச்சருக்கும் பல ஃபைல்களைத் தொடும். அதைச் சிங்க் செய்தால் சிபியு மட்டும் பிரச்சினையில்லை. பத்து ஃபைல் சேர்ந்துதான் ஒரு கணக்கு. அதில் ஆறு புதிது, நான்கு பழையது என்ற நிலையில் மேகத்துக்குப் போய் நின்றால், நீங்கள் பாதுகாப்பு என்று நம்புவது உபயோகமற்ற நகல். ஒரு நாள் லேப்டாப் போய்விட்டால் அன்றைக்குத்தான் அது தெரியவரும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் எதையும் சிங்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள். டாலி டேட்டாவை வெளியே கொண்டுபோய், டாலியில் புதிய பாதையைக் காட்டிவிடுங்கள். வேலை முடிந்த மாலையில் டாலியின் டேட்டா மெனுவிலேயே உள்ள பேக்கப் வசதியால் ஒரு நகல் எடுத்து, அந்த நகலை ஒன்டிரைவுக்குள் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை போகும், முழுதாகப் போகும்.

அவுட்லுக்கின் பழைய மெயில் இருக்கும் பிஎஸ்டி ஃபைலும் இதே ஜாதி. பல ஜிபி அளவில் ஒற்றை ஃபைல். புதிய மெயில் எதுவும் வராவிட்டாலும் அவுட்லுக் அதைத் திறந்து மூடினாலே அதன் மாற்ற நேரம் புதுப்பிக்கப்படும், ஒன்டிரைவ் அதை மறுபடி பார்க்கத் தொடங்கும். வெளியே எடுத்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷின் டிஸ்க், லைட்ரூம் கேட்டலாக் இருந்தால் அவையும் வெளியே.

மூன்றாவது, நீங்கள் சொல்லாத ஒன்று. அதே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேறொரு சிங்க் மென்பொருளும் பார்த்துக்கொண்டிருக்கிறதா? கூகுள் டிரைவை நிறுவும்போது 'உங்கள் டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் பேக்கப் செய்யவா' என்று கேட்கும். சரி என்று தட்டியிருப்போம். ஒன்று எழுதினால் மற்றது அதை மாற்றமாகப் பார்க்கும். ஒன்று தற்காலிக ஃபைல் உண்டாக்கினால் மற்றது அதை அப்லோட் செய்யத் துடிக்கும். ஒரே ஃபோல்டருக்கு ஒரே சிங்க் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஃபோட்டோக்கள் பொதுவாகத் தொல்லை கொடுக்காது, ஒரு முறை போய்விட்டால் மாறாதவை. ஒரு விதிவிலக்கு: 2017-இல் வந்த ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட் வசதியால் பல ஃபோட்டோக்கள் உங்கள் டிஸ்க்கில் பெயரளவில்தான் இருக்கும். ஏதாவது கேலரி மென்பொருள் எல்லாப் படத்துக்கும் சிறுபடம் தயாரிக்கிறேன் என்று ஒவ்வொன்றாகத் திறந்தால் ஒன்டிரைவ் அத்தனையையும் இறக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட மென்பொருளைச் சமீபத்தில் போட்டிருந்தால் அதன் அமைப்பைப் பாருங்கள்.

வெளியே எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளிருந்து ஒன்றை வெளியே நகர்த்தினால் ஒன்டிரைவின் பார்வையில் அது அழிக்கப்பட்டது என்று பொருள். மேகத்திலிருந்தும், இதே கணக்கு உள்ள மற்ற கணினிகளிலிருந்தும் போய்விடும். மேகத்தின் ரீசைக்கிள் பின்னில் தனிநபர் கணக்கென்றால் 30 நாள், அலுவலகக் கணக்கென்றால் வழக்கமாக 93 நாள் இருக்கும். அதனால் முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு முழு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு நகர்த்துங்கள். மேகத்தில் மட்டும் இருக்கும் ஃபைல்களை நகர்த்தினால் அவை முதலில் இறங்கி வர வேண்டும், அதற்கு இடமும் நேரமும் தேவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் நகர்த்தாமல் ஒன்றை நகர்த்தி, ஒரு மணி நேரம் விட்டு, சிபியுவைப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். எது காரணம் என்று தெரிந்தால்தான் நாளைக்கு மறுபடி அதே தவறான இடத்தில் அந்த ஃபோல்டர் போய் உட்காராது.

எதுவுமே மாறவில்லை, ஆனாலும் நிற்கவில்லை என்றால் போக மறுக்கும் ஃபைல் ஒன்று இருக்கலாம். பாதையின் மொத்த நீளம் 400 எழுத்தைத் தாண்டினால் ஒன்டிரைவ் ஏற்காது. நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி உள்ள பெயர்களும் ஆகாது. விண்டோஸில் அப்படிப் பெயர் வைக்கவே முடியாது, மேக்கிலிருந்து வரும். ஒன்டிரைவ் இவற்றைப் பெரும்பாலும் சிவப்புக் குறியோடு காட்டிவிடும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு, இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே எழுத்துக்குறியாகப் போடலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகவும் போடலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். 'கோ', 'கௌ' வரிசைகளுக்கும் இதே நிலைதான். விண்டோஸும் லினக்ஸும் பெயரை வந்தபடியே வைத்துக்கொள்ளும். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் சேமிக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் வந்தபடி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகவே கருதும். இப்படி மூன்று வழக்கமுள்ள கணினிகளுக்கு நடுவில் 'கொள்முதல் பட்டியல்' என்ற ஃபைல் போய்வந்தால், சிங்க் மென்பொருள் சில நேரம் ஒன்று அழிந்து இன்னொன்று பிறந்ததாக நினைத்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். சிங்க்திங் என்ற இன்னொரு சிங்க் மென்பொருளில் இதைத் தானே சரிசெய்யும் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே இயக்கத்தில் இருக்கும். மற்றவற்றில், ஒரே கணினியிலிருந்து அந்தப் பெயரை மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் வழி. இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதையே விட்டுவிட வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டும் போய்வரும் ஃபைல்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக வராது.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு ஃபைலும் சிக்கவில்லை, எண் 13-லேயே நிற்கிறது என்றால், அப்போது ரீசெட் செய்யலாம். ஒன்டிரைவின் டேட்டாபேஸே கெட்டுப்போயிருக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ரன் பெட்டியில் ஒன்டிரைவ் நிரலின் முழுப் பாதையையும் கடைசியில் சாய்கோடு போட்டு ரீசெட் என்ற சொல்லையும் கொடுக்க வேண்டும்; உங்கள் கணினியில் அந்தப் பாதை எது என்பதை டாஸ்க் மேனேஜரில் ஒன்டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' மூலம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்கள் அழியாது. ஆனால் சில ஃபோல்டர்களை மட்டும் சிங்க் செய்யத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்தத் தேர்வு போய்விடும், மறுபடி குறிக்க வேண்டும். அதன் பிறகு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால் சூடு இன்னும் கூடும். சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி வைத்து, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எண் இறங்கியிருக்க வேண்டும்.

வேலை நேரத்தில் உடனடி நிவாரணம் வேண்டுமென்றால் டாஸ்க் மேனேஜரில் ஒன்டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து 'எஃபிஷியன்சி மோட்' போடலாம். பிராசஸர் அதற்குக் கடைசி இடம் கொடுக்கும், மற்ற வேலைகள் தடுமாறாது. நோய் தீராது, வலி குறையும்.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சில வரிகள். டிராப்பாக்ஸில் ஒரு ஃபோல்டரைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு சிங்க்கிலிருந்து மட்டும் விலக்க வழி இருக்கிறது. நோட் மாட்யூல்ஸுக்கு அதுவே போதும். நெக்ஸ்ட்கிளவுடில் தவிர்க்க வேண்டிய பெயர்களின் பட்டியலை அமைப்புகளுக்குள் நீங்களே எழுதலாம். சிங்க்திங்கில் மாற்றங்களைக் கவனிப்பது போக, மணிக்கு ஒரு முறை முழு ஸ்கேனும் நடக்கும்; பெரிய, அதிகம் மாறாத ஃபோல்டர்களுக்கு அந்த இடைவெளியை ஒரு நாளாகக்கூட நீட்டிவிடலாம். லினக்ஸில் ஐநோட்டிஃபை எத்தனை ஃபோல்டர்களைக் கவனிக்கலாம் என்பதற்கு உச்ச வரம்பு உண்டு. பழைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) அது 8192 மட்டுமே, 5.11-க்குப் பிறகு ராமின் அளவைப் பொறுத்துத் தானே உயர்கிறது. பழைய கணினி என்றால் அந்த வரம்பை உயர்த்திப் பாருங்கள். மேக்கில் ஐகிளவுட் சூடு கிளப்பினால் 'பேர்ட்', 'கிளவுட்டி' என்ற பிராசஸ்கள் மேலே நிற்கும். ஃபோல்டர் பெயரின் முடிவில் புள்ளி வைத்து நோசிங்க் என்று சேர்த்தால் அதை ஐகிளவுட் விட்டுவிடும்.

இதையெல்லாம் செய்து ஒன்டிரைவ் ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் ஃபேன் அலறிக்கொண்டே இருந்தால் சிங்க்கைத் தேடுவதை நிறுத்திவிடுங்கள். ஃபேனிலும் காற்று வழியிலும் தூசி அடைந்திருக்கும், அல்லது பிராசஸர் மேல் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். மூன்று, நான்கு வருட லேப்டாப்பில் இது சகஜம், ஒரு சர்வீஸில் சரியாகிவிடும். முதலில் அந்த ஃபைல் எண்ணிக்கையையும், ரிசோர்ஸ் மானிட்டரில் திரும்பத் திரும்ப வந்த பெயரையும் எழுதுங்கள். அவை இரண்டும் தெரிந்தால் மேற்கொண்டு எதைச் செய்வது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.